மெழுகு மூக்கும் திரை மூக்கும்

அழகைப் பாராட்ட வந்த தமிழர் ‘மூக்கும் முழியுமாக இருக்கிறாள்’ என்றனர். மானம் அழிந்ததைச் சொல்ல வந்தபோது ‘மூக்கறுபட்டான்’ என்றனர். முகத்தின் நடுவே நிற்கும் அச்சிறு உறுப்பின்மீது அழகையும் மானத்தையும் ஒருங்கே ஏற்றி வைத்த மரபு நம்முடையது. ஆதலின், மூக்கின் வடிவை மாற்றிக்கொள்ளல் என்பது தோலளவில் நின்றுவிடும் செய்தியன்று.

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டபின், நம் இளைஞர் பலர் நாள்தோறும் புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். மூக்கைத் திருத்தும் அழகு அறுவை மருத்துவம் அப்பெருநகரில் இன்று அரிதன்று. அறுவைக்கு முன்னரே ஒருவருடைய ஒளிப்படத்தைக் கணினியில் இட்டு, மூக்குத் தண்டின் மேட்டைத் தணித்தும் நுனியை உயர்த்தியும், ‘பின்னர் இவ்வாறு தோன்றும்’ எனத் திரையிற் காட்டும் முறை வந்துள்ளது. கைப்பேசியிலேயே இதனைச் செய்து பார்க்கும் செயலிகளும் உள. இன்னும் வாராத ஒரு முகத்தை முன்கூட்டிக் காட்டும் இப்படத்தை நாம் வாக்குறுதியாகக் கொள்வதா, வினாவாகக் கொள்வதா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

‘பிறவியில் வந்த மூக்கை மாற்றலாமா?’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் முறையன்று. மூக்குத்திக்காக மூக்கைத் துளைப்பவர் நாம். மூக்கைச் செப்பனிடும் கலையும் நம் நாட்டுக்குப் புதிதன்று; அறுபட்ட மூக்கைத் தோலொட்டிச் சீராக்கும் முறையைச் சுசுருத சங்கிதை பழங்காலத்திலேயே கூறியுள்ளது. 17-ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையும் மதுரைத் திருமலை நாயக்கர் படையும் ஒருவர் மூக்கை ஒருவர் அறுத்த கொடுமையை ‘மூக்கறுப்புப் போர்’ என்றே வரலாறு வழங்குகிறது. இழந்த மூக்கை மீளப் பெற விழைவதை எவரே குறை கூறுவர்?

இந்த மைசூர் மண்ணோடு தொடர்புடைய மற்றொரு செய்தி நம் வினாவுக்கு விடை காண உதவும். 1792-இல் முடிவுற்ற மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பார் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். பின்னர்ப் பூனாவின் அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் அவருக்கு மூக்கு அமைத்தார். இச்செய்தி 1794-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதனைக் கண்டு ஆராய்ந்த ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர், 1814-இல் இலண்டனில் அவ்வறுவையைச் செய்து வென்றார்.

அப்பூனா மருத்துவர் முதலில் செய்தது யாது? மெல்லிய மெழுகுத் தகட்டை அறுபட்ட இடத்தில் பொருத்தி, நல்லதொரு மூக்கின் வடிவாக்கினார். அதுவும் ஒரு முன்தோற்றமே. ஆயின் அவர் அதனோடு நின்றாரல்லர். அம்மெழுகைத் தட்டையாக்கி நெற்றியின்மீது வைத்தார்; அதனைச் சுற்றிக் கோடு கிழித்தார்; அக்கோட்டுக்குள் அடங்கிய தோலை உரித்துக் கீழே திருப்பி மூக்காக்கினார். மெழுகு மூக்கு வரப்போகும் வடிவைக் காட்டியது; அவ்வடிவுக்கு நெற்றி கொடுக்க வேண்டிய விலையையும் அளந்து காட்டியது.

திரை மூக்கோ வடிவைக் காட்டி விலையை மறைக்கிறது. கணினி அசைப்பது ஒளிப் புள்ளிகளை. மருத்துவர் அறுப்பது எலும்பையும் குருத்தெலும்பையும். தோலின் தடிப்பு, தழும்பு சுருங்கும் போக்கு, மூச்சுப் பாதையின் அகலம் ஆகியவை படத்தில் இல்லை. வீக்கம் முற்றும் வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓராண்டும் ஆகலாம். அன்றியும், திருத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் படமே பொய்யாதல் கூடும். 12 அங்குலத் தொலைவில் தானே எடுத்துக்கொள்ளும் படத்தில், 5 அடித் தொலைவில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகன்று தோன்றும் என 2018-இல் அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினர். இல்லாத குறைக்கு இயலாத தீர்வைத் திரை காட்டுமாயின் அதனை என்னென்பது!

தங்கவயல் மக்களாகிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று. வரைபடத்தில் பொன்படிவம் ஒரு கோடாக ஓடும். அக்கோட்டைத் தேடி 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் இறங்கிய நம் முன்னோர் அறிந்தது பாறையின் இயல்பை. அது வரைபடத்துக்குக் கட்டுப்பட்டதன்று. பொன் வெளியூர் சென்றது. அதன் விலையாகிய சயனைடு மேடுகள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன.

அவ்வாறாயின் திரைப்படிமத்தை ஒதுக்கிவிடலாமா? வேண்டா. ‘அழகாக்குங்கள்’ என்னும் சொல் ஆளுக்கொரு பொருள் தரும். படமோ நோயாளியின் கருத்தை மருத்துவருக்குத் தெளிவுறுத்தும். ‘இதனைச் செய்ய இயலும், இதனைச் செய்ய இயலாது’ என்று மருத்துவர் அப்படத்தின்மேல் கோடிட்டு உரைப்பாராயின், அது மெழுகு மூக்கின் நேர்மையைப் பெறும். ‘இதுவே உமக்கு வரும்’ என்பாராயின் அது வாணிகம்.

எஞ்சி நிற்பது இன்னும் கடினமான வினா. பெண் பார்க்க வந்தோர் சொன்ன ஒரு சொல்லாலோ, பள்ளியில் கேட்ட பட்டப் பெயராலோ ஒருத்தி திரைமுன் அமர்கிறாள் எனின், திருத்தப்பட வேண்டியது அவள் மூக்கா, ஊரார் நாவா? ‘உன் முகம் நன்றாகவே இருக்கிறது’ என்று அவளுக்கு அறிவுரை கூறும் உரிமை, அவளை ஏளனத்தினின்று காத்தவர்க்கே உண்டு. காவாதவர் அவளைக் குறை கூறுதல் அறமாகாது.

வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த நம் பாட்டன் பாட்டியர் நிலபுலம் கொண்டு வந்தாரல்லர். சிலர் ஓர் ஒளிப்படமும் விட்டுச் சென்றாரல்லர். அவர்தம் சாயல் பெயரன் பெயர்த்தியரின் முகத்திலேதான் வாழ்கிறது. அதற்காக ஒருவர் தம் துன்பத்தைச் சுமந்தே தீர வேண்டும் என்பது நம் கருத்தன்று. முகம் அவருடையது, முடிவும் அவருடையதே. ஆயினும் கொடுக்கப் போகும் விலையுள் அச்சாயலையும் சேர்த்து எண்ணுதல் நன்று. வடிவோடு விலையையும் கண்டபின், தம் விருப்பத்தினாலேயே துணிபவர் துணிக. விலையைக் காட்டாத எந்தத் திரைக்கும் நம் மக்கள் தம் முகத்தைக் கொடாதிருப்பாராக!