கடைமடை

வீராணம் ஏரியின் மதகு திறந்த செய்தி ஊருக்கெல்லாம் ஒரே நாளில் எட்டிவிடும். ஆனால் கடைமடை வயல் நனைந்த பிறகுதான் அது பாசனம். சமூகநீதியும் அப்படித்தான்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆசிரியர் அதைப் பாடமாக நடத்துகிறார். மாணவர் அதைத் தன் தெருவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். புத்தகமும் தெருவும் ஒன்றையே சொன்னால் பாடம் மனத்தில் தங்கும். வேறு வேறு சொன்னால், பிள்ளை தெருவைத்தான் நம்பும்.

சிதம்பரத்தில் 1916-இல், தீண்டாமைக்கு ஆளான பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். காட்டுமன்னார்கோயில் மண்ணில் பிறந்த எல். இளையபெருமாள், 1965-இல் அமைந்த தீண்டாமை ஆய்வுக் குழுவுக்குத் தலைமையேற்று, 1969-இல் அறிக்கை அளித்தார். ஒருவர் அடைத்த கதவைத் திறந்தார். மற்றவர் இன்னும் அடைத்திருந்த கதவுகளை நாட்டுக்குக் காட்டினார்.

கதவு திறந்தபின் உள்ளே நடப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், யாரை யார் பக்கத்தில் அமர்த்துகிறோம், யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம் என்பதையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சமத்துவம் பற்றி நாம் பேசியதைவிட, நாம் நடந்துகொண்டதையே அவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, இன்று கடைசி வரிசைக்குச் சென்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். கடைமடைக்குத் தண்ணீர் சேர்வது அப்படித்தான்.