திருமேனியைத் தொடும் தகுதி

காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாள் சந்நிதிக்கு யாத்திரை வந்த சிலர், குடந்தைப் பெருமாள்மீது பத்துப் பாசுரங்கள் பாடினார்கள். கேட்டு உருகிப்போன நாதமுனிகள், மீதிப் பாட்டு எங்கே என்று விசாரித்தார். அவர்களுக்குத் தெரியவில்லை. ஆயிரம் பாட்டில் இவை பத்து என்று பாசுரத்திலேயே குறிப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆழ்வார்திருநகரி வரை போய், ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் மீட்டு வந்தார் என்கிறது வைணவ குருபரம்பரை. அந்தணரான அவர் குருவாகக் கொண்டது வேளாளர் குலத்து நம்மாழ்வாரை. பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரின் பாசுரமும் அந்தத் தொகுப்பில் உண்டு.

பாட்டுக்குப் பிறப்பு தடையாக இல்லை. பூசைக்கு?

இந்தக் கேள்வியும் காட்டுமன்னார்கோயிலைத்தான் சுற்றி வந்திருக்கிறது. நாதமுனிகளின் பேரர் ஆளவந்தார் 'ஆகமப் பிராமாண்யம்' என்றொரு வடமொழி நூல் எழுதினார். கோயில் பூசையைப் பிழைப்பாகக் கொண்ட பாகவதர்கள் உண்மையான அந்தணர் அல்லர், அவர்கள் பின்பற்றும் வழிபாட்டு விதிநூலான பாஞ்சராத்திர ஆகமமும் செல்லாது என்று வைதிகர் சிலர் வாதிட்டுவந்த காலம் அது. பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்கிறவரையே தாழ்ந்தவர் என்று ஒதுக்கியிருக்கிறார்கள்! ஆளவந்தார் ஒவ்வொரு வாதமாக எடுத்து மறுத்தார். பாகவதர்களுக்கும் கோத்திரம் உண்டு, பரம்பரை உண்டு, அவர்களும் அந்தணரே என்று நிறுவினார். துணிச்சலான நூல்தான். ஆனால் பிறப்பு என்கிற அளவுகோலை அது கீழே போடவில்லை. அந்த அளவுகோலின்படியே பாகவதர்கள் தேறுவார்கள் என்றுதான் காட்டியது.

தேறாதவர்கள் என்று முடிவு கட்டப்பட்டவர்களின் கதை கொள்ளிடக் கரையில், ஆதனூரில் இருக்கிறது. திருநாளைப்போவார் என்கிற நந்தனார் சிவன் கோயில்களுக்கு என்னென்ன கொடுத்தார் என்று பெரியபுராணம் விவரமாகவே சொல்கிறது: பேரிகைக்குத் தோல், இழுத்துக் கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. அவர் வாசலுக்கு வெளியே நின்று கேட்டார்.

அந்த ஒதுக்கல் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1924இல் காட்டுமன்னார்கோயிலில் பிறந்த எல். இளையபெருமாள், பள்ளிக்கூடத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர் என்று சொல்வார்கள். பின்னாளில் மக்களவைக்குப் போனார். தீண்டாமையை ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969இல் வந்த அறிக்கை கருவறையையும் விடவில்லை. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும், முறையாகப் பயின்ற எவரும் சாதி பாராமல் அர்ச்சகராகலாம் என்று பரிந்துரைத்தது. ஆளவந்தார் கைவைக்காத இடத்தில் அவர் ஊர்க்காரர் ஒருவர் கைவைத்தார்.

அந்தப் பரிந்துரையைச் சுட்டிக்காட்டித்தான் தமிழக அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தியது. அதை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது, ஆனால் அர்ச்சகர் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டே நடக்க வேண்டும் என்றது. ஆகமத்துக்குப் பிரமாணம் உண்டா என்று ஆளவந்தார் வாதாடிய பொருள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து நீதிமன்றக் கூண்டுக்கு வந்து நின்றது.

ஆகமங்கள் அர்ச்சகரிடம் தீட்சை கேட்கின்றன, மந்திரம் கேட்கின்றன, பயிற்சி கேட்கின்றன. இவை எல்லாம் கற்றுப் பெறக்கூடியவை. நம்மாழ்வாரைக் குருவாக ஏற்ற மரபு, அவருடைய குலத்துப் பிள்ளை கற்றுத் தேர்ந்து வந்தால் திருமேனியைத் தொடக்கூடாது என்று சொல்வது அந்த மரபுக்கே பொருந்தாது. தீட்சையும் பயிற்சியும் பெற்றவரைப் பிறப்பைக் காட்டித் திருப்பி அனுப்புவதில் பக்தியும் இல்லை, நியாயமும் இல்லை.

2007இல் அரசு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியது. அங்கே படித்து முடித்தவர்கள் வேலைக்காகப் பல ஆண்டு காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்று, பயிற்சி பெற்ற பல சாதியினர் 24 பேருக்கு அர்ச்சகர் நியமன ஆணை கிடைத்தது. மறு ஆண்டே, எந்தெந்தக் கோயில்கள் ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் குழு அமைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.