மேகமா, கடனா?

2021 மே மாதத்தில் தமிழகம் மீண்டும் கதவடைத்துக் கிடந்த நாட்களில், கறம்பக்குடிப் பகுதி முதியவர் ஒருவர் தம் மனைவியைக் கரோனாவுக்குப் பறிகொடுத்தார். தாமும் தனிமைப்படுத்தப்பட்டிருந்ததால் அடக்கத்துக்குக்கூடச் செல்ல இயலவில்லை. உறக்கமின்றித் தவித்த தந்தைக்குச் சிங்கப்பூரிலிருந்த மகன் கைப்பேசி வழியே ஒரு தியான வகுப்பை ஏற்பாடு செய்தார். மூச்சைக் கவனிக்க வேண்டும். எழும் எண்ணங்களை நல்லது, தீயது எனத் தீர்ப்பிடாமல் போகவிட வேண்டும். சில வாரங்களில் உறக்கம் வந்தது. தடை தளர்ந்தபின் பங்கு இல்லத்துக்கு வந்து, "சாமி, இது பாவமா?" என்று கேட்டார்.

"செபமாலை போதாதா?" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அது சரியான விடையன்று. பௌத்தத்தில் வேரூன்றிய இம்முறையை, 1979இல் ஜான் கபாட்-சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீரா வலியால் வருந்தியோருக்கென ஒரு பயிற்சியாக அமைத்தார். திருச்சபையும் இத்தகைய முறைகளைக் கண்டு ஓடிவிடவில்லை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபரில் ஆயர்களுக்கு எழுதிய மடல், பிற சமயத் தியான முறைகளில் பயனுள்ளவற்றை ஏற்கலாம் என்கிறது; உடலுக்குக் கிட்டும் அமைதியைத் தூய ஆவியார் தரும் ஆறுதலாக மயங்கிவிடலாகாது என்றும் எச்சரிக்கிறது. குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளியில் 1950இல் தோன்றிய சாந்திவனத்தை அறிந்த நமக்கு இது புதிதுமன்று. திரையைப் பழிக்கவும் எனக்கு வாயில்லை. அந்நாட்களில் திருப்பலியையே கைப்பேசியில் அனுப்பியவன் நான்.

ஆனால் பெரியவர் எழுந்து போகவில்லை.

"எண்ணமெல்லாம் மேகம் மாதிரி, போகவிடுங்கள் என்கிறார்கள். அவளுக்குக் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் கசாயம் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தேன், சாமி. ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டாளோ என்று பயம். அதுவும் மேகம்தானா?"

உண்மைக் கேள்வி இதுவே. செய்யாத குற்றத்துக்காகத் தம்மையே வதைத்துக்கொண்டவர்கள் அக்காலத்தில் பலர். தீர்ப்பிடாதிருத்தல் அவர்களுக்கு நல்ல மருந்து. எனினும் குற்ற உணர்வு யாவும் பொய்யல்ல. சில, திருப்பித் தரவேண்டிய கடன். எது மேகம், எது கடன் என்று பிரித்தறிய மனம் முதலில் அடங்க வேண்டும். இஞ்ஞாசியாரின் மனச்சான்று ஆய்வும் நன்றியில் தொடங்கி, ஒளி வேண்டி, அதன் பின்னரே குற்றத்தை நோக்குகிறது. மூச்சைக் கவனித்த பழக்கம் அந்த ஐந்து நாட்களைக் கதறாமல் நோக்கும் வலிமையை அவருக்குத் தந்திருந்தது. ஆனால் மூச்சு செவிகொடுப்பதில்லை, மன்னிப்பதுமில்லை. ஒப்புரவு அருட்சாதனம் தொலைபேசியில் நிகழ்வதில்லை என்பதன் பொருள் அன்றுதான் எனக்கும் நன்கு விளங்கியது. எதிரே ஒருவர் இருக்க வேண்டும்.

"அது அறியாமையும் அச்சமும், பெரியவரே, கொலையன்று. ஆனாலும் உங்கள் மனம் யாரிடமோ பேச விரும்புகிறது. அவர்களிடமே சொல்லுங்கள்" என்றேன். புனிதர்களின் சமூக உறவை நம்பும் நாம் வேறென்ன சொல்ல முடியும்?

அன்று மாலை இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். போகும் வழியில், 2018 கஜா புயலுக்குப் பின் நட்ட தென்னங்கன்றுகள் ஆளுயரம் தாண்டி நின்றன. அவர் மண்மேட்டருகே அமர்ந்து, பழகிய முறைப்படி கண்மூடிச் சிறிதுநேரம் மூச்சைக் கவனித்தார். பிறகு மனைவியின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கினார். நான் விலகிப்போய் நின்றுகொண்டேன்.