பல்லுக்கு எண் உண்டு, வலிக்கு ஆள் உண்டு

மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகள் முதலில் உடம்பைப் பெயர் பெயராகப் பிரித்துப் படிக்கிறார்கள். பல் மருத்துவத்தில் பெயர்கூட எண்ணாகச் சுருங்கிவிடும். வாயை நான்காகப் பகுத்து, கீழ்த்தாடையின் இடப்பக்கத்துக்கு 3, நடுவிலிருந்து ஆறாவது பல்லுக்கு 6 என்று வைத்து, அந்தக் கடைவாய்ப் பல்லை 36 என்கிறார்கள். எம்.ரெட்டியபட்டி கரிசல்காட்டு விவசாயி ஒருவர் சொத்தைப் பல்லோடு வந்து நாற்காலியில் சாய்ந்தால், சீட்டில் அவர் 36. உயிருள்ள ஆளை இப்படித் துண்டு துண்டாக்கிப் பெயரிடுவது ஆன்மிகத்துக்கு விரோதம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அதே வட்டாரத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் ரமண மகரிஷி. அவருடைய 'நான் யார்?' என்ற சிறுநூலின் விசாரணை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஏழு தாதுக்களாலான உடம்பு, ஐம்புலன்கள், பேச்சு, நடை, மூச்சு, மனம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இது நானல்ல என்று விலக்கிக்கொண்டே போகிறது. ரசம், இரத்தம், மாமிசம், கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம் என்ற ஏழு தாதுக் கணக்கு வைத்தியர்களுடையது. ஞானத் தேடலுக்கே உடற்கூற்றுப் பட்டியல் தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே பெயரிடுவதில் பிழையில்லை. பட்டியல் முடிந்த இடத்தில் ஆளும் முடிந்துவிட்டார் என்று நினைப்பதுதான் பிழை. உறுப்புகளையெல்லாம் எண்ணி முடித்த பிறகும், 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்ல ஒருவர் மிச்சம் இருக்கிறார்.

அவரை விட்டுவிட்டால் வைத்தியமும் தவறும். "தண்ணி குடிச்சா சுருக்குன்னு கூசுது, உடனே விட்டுருது" என்று ஒருவர் சொன்னால், பல்லின் உள்கூழ் இன்னும் தேறக்கூடும். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் பெரும்பாலும் போதும். "ராத்திரி படுத்தாப் போதும், விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றால், அநேகமாகக் கூழ் மீளாத நிலைக்குப் போய்விட்டது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும். இரண்டும் பல்பைடிஸ் என்னும் கூழ் அழற்சிதான். எக்ஸ்ரே குழியின் ஆழத்தைக் காட்டும், கூச்சத்தையும் தெறிப்பையும் காட்டாது. அது வலிப்பவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

நோயாளியின் பேச்சு தெளிவில்லாதது, கலைச்சொல்தான் துல்லியம் என்பார்கள். ஒரு மருத்துவர் இன்னொருவருக்கு எழுதும்போது அது முழு உண்மை. வலப்பக்கப் பல்லுக்குப் பதில் இடப்பக்கப் பல்லைப் பிடுங்காமல் காப்பது அந்த எண்தான். ஆனால் அந்தத் துல்லியத்துக்கு வந்து சேரும் வழி நோயாளியுடைய பேச்சு. உடம்பு நானல்ல என்றால் பல்லைப் பற்றி எதற்குக் கவலை என்ற கேள்வி இன்னும் கனமானது. ரமணரின் இடது கையில் வந்த கட்டி சர்கோமா என்று தெரிந்தது. 1949இல் நான்கு முறை அறுவை நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். உடம்பைத் தானென்று கொள்ளாதவரும் மருத்துவர்களை விரட்டவில்லை. எதுவரை என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார்.

நோயாளியின் முதல் முறையீட்டை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது மருத்துவப் பாடத்திலேயே உள்ள விதி. மாணவர்களே, 36 என்று தயங்காமல் எழுதுங்கள்; அதற்கு முன்னால் 'தெறிக்குது' என்று அவர் சொன்னதையும் அப்படியே எழுதுங்கள்.