பிரிந்த பங்காளியின் கணக்கு

பிரிட்டன் 2020 ஜனவரி 31ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது எழுந்த அமளி நமக்குப் புதிதன்று. 1963 ஜூலை 9ல் லண்டனில் கையெழுத்தான மலேசிய ஒப்பந்தம், சிங்கப்பூரையும் நம்மையும் ஒரே பொதுச்சந்தையாக்குவதாகச் சொல்லிற்று. சந்தை உருவாகுமுன்னரே, 1965 ஆகஸ்ட் 9ல் சிங்கப்பூர் பிரிந்தது. (சுங்கத் தகராறு மட்டுமா? அரசியல் பகைதான் பெரிது.)

கூட்டு முறிந்தால் கொடுத்த வாக்கும் முறியுமா என்பதே நம் கேள்வி. ஈப்போ கடைத்தெருவில் பங்கு பிரிந்தவர்களைப் பார்த்திருக்கிறோம், சகோதரர்களே. சரக்கைப் பிரிப்பது ஒரு நாள் வேலை. ஆனால் இருவரையும் நம்பிக் கடனுக்குச் சரக்குப் போட்ட மொத்த வியாபாரிக்கும், பத்திரமாக இருக்கட்டுமென்று சம்பளப் பணத்தைக் கொடுத்து வைத்த தோட்டத்துப் பாட்டிக்கும் யார் பதில் சொல்வது? அவர்கள் பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களல்லவே. அந்த அமானிதம் இருவர் கழுத்திலும் கிடக்கிறது என்போம்.

அரசாங்கங்களும் இதை ஓரளவு அறிந்தே இருந்தன. 1967ல் தனித்தனி நாணயம் வெளியிட்டும், 1973 மே மாதம் வரை வெள்ளிக்கு வெள்ளி சரிக்குச் சரியாக மாற்றின. ஜோகூர் தண்ணீருக்காக 1961லும் 1962லும் எழுதிய ஒப்பந்தங்களைப் பிரிவினைப் பத்திரத்திலேயே உறுதி செய்தன. விலையைப் பற்றிப் பிறகு வாய்ச்சண்டை வந்தது, குழாய் மூடப்படவில்லை. முதலாவதின் தவணை 2011ல் முடிந்தது. மற்றது 2061 வரை.