ஐம்பதும் எண்பத்தைந்தும்

2019 செப்டம்பர் 5 அன்று ஆந்திரத்தின் குண்டூரில் அறுவை சிகிச்சை மூலம் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. தாய்க்கு வயது 73 என்றது ஒரு செய்தி, 74 என்றது இன்னொன்று. தகப்பனார் 80ஐத் தாண்டியவர். 1962இல் மணம் முடித்து, அரை நூற்றாண்டுக்கு மேல் பிள்ளைக்காகக் காத்திருந்த தம்பதி. கருமுட்டை வேறொரு பெண்ணுடையது. பிரசவத்துக்கு மறுநாளே கணவருக்குப் பக்கவாதம் வந்து அவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

முதல் நாள் 'அதிசயம்' என்று எழுதியவர்களே, இரண்டாம் நாள் 'இந்த வயதில் இது தேவையா?' என்று கேட்டார்கள். ஊரார் தன்னைக் குழந்தையில்லாதவள் என்றே அழைத்து வந்ததாக அந்தத் தாய் செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். அதைப் பலரும் கவனிக்கவில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த ஊர்ப்பேச்சைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான ஆறாம் மாதம் 'விசேஷம் ஏதும் உண்டா?' என்பார்கள். மூன்றாம் வருடம் 'வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கலையே' என்பார்கள். அதற்குப் பிறகு வளைகாப்புப் பந்தலில் சந்தனம் பூசும் வரிசையில் பிள்ளையில்லாதவளைக் கூப்பிடாமல் நகர்ந்துவிடுவார்கள். திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் நெய்ப் பிரசாதம் வாங்கிவருவதும், கோயில் மரத்தில் கையளவு மரத்தொட்டில் கட்டுவதும், பிறகு கருத்தரிப்பு மையத்தின் படியேறுவதும் ஒரே பாதையின் அடுத்தடுத்த திருப்பங்கள். பிள்ளை இல்லாதபோது ஏசுகிற வாய்தான், பிள்ளை தாமதமாக வந்தாலும் 'பேரன் எடுக்கிற வயசில் பிள்ளையா?' என்று கேட்கிறது. ஆகவே இந்த அறக்கேள்வியைக் கேட்பவர்கள் முதலில் தங்கள் பங்கைக் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது.

குண்டூர் ஒரு விதிவிலக்கு. 'தாமதம்' என்பது பெரும்பாலான வீடுகளில் 38, 42, 45 என்ற வயதுகள்தான். படிப்பு, வேலை, தங்கையின் கல்யாணக் கடன், பொருந்தாத ஜாதகம், முதல் திருமணத்தின் முறிவு என்று காரணங்கள் ஏராளம். அவற்றில் பல அந்தப் பெண் தானாகத் தேர்ந்தெடுத்தவை அல்ல. உடலோ காரணம் கேட்பதில்லை. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகளோடு பிறக்கிறது. பருவமடையும்போது எஞ்சுவது மூன்று, நான்கு லட்சம். அதன்பின் எண்ணிக்கையும் குறைகிறது, தரமும் குறைகிறது. டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,250இல் ஒன்று; 40 வயதில் சுமார் நூற்றில் ஒன்று. அந்த நூற்றில் 99 பேருக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதும் அதே கணக்குதான்.

ஆணின் வயதை யாரும் விசாரிப்பதில்லை. தகப்பனின் வயது ஓர் ஆண்டு கூடினால் குழந்தைக்குச் செல்லும் புதிய மரபணு மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன என்று ஐஸ்லாந்து விஞ்ஞானிகள் 2012இல் காட்டினார்கள். இருந்தும் எழுபதில் அப்பாவானவரை ஊர் தட்டிக்கொடுக்கிறது.

இந்தியச் சட்டம் இந்த விவகாரத்தில் இரண்டு இடங்களில் கோடு போட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது நிரம்பியிருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகளோ தம்பதியின் வயதுகளைக் கூட்டிப் பார்க்கின்றன. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் இருவர் வயதும் சேர்த்து 85ஐத் தாண்டக் கூடாது. எட்டு வயதைக் கடந்த பிள்ளைக்குத்தான் 110 வரை இடம். அதாவது, 54, 49 என்று கூட்டினால் 103 வரும் ஒரு தம்பதி கருத்தரிப்பு மையத்தில் கைக்குழந்தைக்கு முயலலாம்; தத்து மையத்தில் அதே கைக்குழந்தையைக் கேட்க முடியாது. அந்தக் குழந்தை பிளஸ் டூ முடிக்கும்போது அப்பாவுக்குச் சுமார் 73, அம்மாவுக்குச் சுமார் 68. இந்தக் கூட்டல் ஒரு சட்டத்துக்குக் கவலை தருகிறது, இன்னொன்றுக்குத் தரவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தத்துக் கொடுக்கப்படும் குழந்தை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு இதைவிட நல்ல வீடு கிடைக்கக்கூடும். செயற்கை முறையில் பிறக்கும் குழந்தைக்கோ வேறு வீடு என்பதே கிடையாது: இந்தப் பெற்றோர் இல்லையென்றால் அது பிறந்தே இருக்காது. பிறந்ததால் அதற்குத் தீங்கு என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984இல் தம் நூலில் எழுப்பிய புதிர் இது. யாருக்கும் தீங்கு என்று சுட்ட முடியாதபோதும் ஒரு செயல் தவறாக இருக்க முடியுமா என்பதுதான் அவரை வாட்டியது. நம் நாட்டிலும் அந்தப் புதிர் ஒரு வீட்டில் எழுந்தது. பஞ்சாபிப் பாடகர் சித்து மூஸேவாலா 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2024 மார்ச்சில் அவர் தாய் 58 வயதில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். வயது வரம்பைச் சுட்டி ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. ஒரே மகனை இழந்த அந்த வீட்டில் பிறந்த குழந்தையிடம் 'நீ பிறந்திருக்கக் கூடாது' என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

ஆனால் அந்தப் புதிர் குழந்தையை மட்டுமே பார்க்கிறது. வயது ஏற ஏற, அறைக்குள் இன்னொரு பெண்ணும் வந்துவிடுகிறாள். ஐம்பதை நெருங்குபவர்களின் கருத்தரிப்புப் பெரும்பாலும் தானமாகக் கிடைத்த கருமுட்டையில்தான் நடக்கிறது. தருபவள் இளையவள். பத்துப் பன்னிரண்டு நாள் அடிவயிற்றில் ஊசி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன். கடைசியில் மயக்க மருந்து கொடுத்துப் பிறப்புறுப்பு வழியே நீண்ட ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்கு வயிறு உப்பி நீர் கோத்து, மருத்துவமனையில் படுக்க வேண்டியும் வரும். சட்டம் அவளுக்கு 23 முதல் 35 வரை வயது, வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டை, ஓராண்டுக் காப்பீடு என்று வகுத்திருக்கிறது. விற்பனை குற்றம்.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2022லேயே ஈரோட்டில் ஒரு 16 வயதுச் சிறுமியின் வழக்கு வெளிவந்தது. ஆதாரில் வயதைத் திருத்தி, பெற்ற தாயே அவளைப் பலமுறை கருமுட்டை விற்க வைத்திருந்தாள். கைதுகள் நடந்தன, தனியார் மருத்துவமனைகள் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. அந்த முட்டைகளைப் பெற்ற தம்பதிகள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பல ஆண்டுகள் ஏங்கியவர்கள். யாருடைய முட்டை என்று கேட்கத் தெரியாதவர்கள், அல்லது கேட்கத் துணியாதவர்கள். தாமதமான தாய்மையின் அறச்சிக்கல் தாயின் வயதைவிட இந்தக் கேள்வியில்தான் கூடுதலாகத் தங்கியிருக்கிறது.

எனவே 42 வயதில் தன் முட்டையோடு முயலும் பெண்ணையும் குண்டூர் தம்பதியையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. முன்னவளுக்கு உலகம் தர வேண்டியது உண்மையான விவரம்: அவள் வயதில் எத்தனை பேருக்குக் குழந்தை கையில் வந்தது என்பதை மையம் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டிய சிரிக்கும் குழந்தைப் படங்கள் அதைச் சொல்வதில்லை. பின்னவரிடம் வயதை மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்பினாலும் போதாது. 'உங்களுக்குப் பிறகு யார்?' என்றும் கேட்க வேண்டும்.

தனியாகத் தத்தெடுக்க வருபவரிடம் அந்தக் கேள்வி எழுத்திலேயே கேட்கப்படுகிறது: தனக்கு ஏதேனும் ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஓர் உறவினரின் உறுதிமொழிக் கடிதம் அவர் தர வேண்டும். செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் ஒரு கடிதம் வாங்குகிறது. தம்பதியில் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ, உறைநிலையில் இருக்கும் கருவை என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறந்துவிட்ட குழந்தையை என்ன செய்வது என்று எழுதித் தரும்படி அது யாரையும் கேட்கவில்லை.