கேட்க ஓர் ஆள்

சொந்த வேலைக்கு வாய் கிடையாது. மற்றவர்கள் வேலைக்கு இருக்கிறது. சித்தப்பாவின் பென்ஷன் படிவத்துக்காகச் சித்தப்பா பேசுவார். குடியிருப்போர் சங்கக் கணக்குக்காகச் செயலாளர் கதவைத் தட்டுவார். நான் எழுத நினைத்திருக்கும் புத்தகமோ அலமாரியில் குறிப்புக் கட்டாகக் கிடக்கிறது. ஒருநாளும் கூப்பிட்டதில்லை, தள்ளிப்போட்டால் கோபித்துக்கொண்டதும் இல்லை. அப்புறம் அது ஏன் முன்னால் வரப்போகிறது?

இதைச் சோம்பல் என்று சொல்லிக்கொள்வது பொருந்தவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை ஓடியவனைச் சோம்பேறி என்பதா?

*

‘முடியாது’ என்று சொல்லப் பழகு என்கிறார்கள். சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் அத்தையிடம் சொல்ல முடியாது. மருத்துவமனையிலிருந்து கூப்பிடும் நண்பனிடமும் முடியாது, சொல்லவும் கூடாது. கேட்கிறவர்கள் பகையாளிகள் அல்லர். அவர்களுக்கு முன்னால் வந்து கேட்க என் வேலைக்கு ஆள் இல்லை என்பதுதான் குறை.

*

ஆந்தணி டிரொலொப் இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் 1834 முதல் 1867 வரை வேலை பார்த்தவர். 1852-இல் ஜெர்சித் தீவில் தெருவோர அஞ்சல் பெட்டி வைக்கக் காரணமாக இருந்தவர். ஊரார் தேவைகளெல்லாம் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்துசேரும் வழியை அகலப்படுத்திய ஆள் என்றே சொல்லலாம். அவர் 47 நாவல்கள் எழுதினார் என்பதில் எனக்கு ஒரு குறும்பான திருப்தி.

காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரம். கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கு. காலை உணவுக்கு உடுத்திக்கொள்வதற்குள் அன்றைய எழுத்து முடிந்திருக்கும்; அதன் பிறகுதான் அலுவலகம், பயணம், கடிதங்கள் எல்லாம். இந்தக் கால்மணிக் கணக்கைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. வால்தம் கிராஸ் வீட்டில் அவரை எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு வயதான குதிரைக்காரர் இருந்தார். இந்த ஒரு வேலைக்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம். ஒருநாள்கூட அவர் காப்பியோடு தாமதமாக வந்ததில்லை என்று டிரொலொப் சுயசரிதையில் நன்றியோடு சொல்கிறார்.

என்ன செய்திருக்கிறார் பாருங்கள்! தன் ஆசையை இன்னொருவர் வாயில் வைத்துவிட்டார். இனி அது அவருடைய விருப்பம் மட்டும் அல்ல. கதவுக்கு வெளியே கோப்பையோடு நிற்கும் ஒரு கிழவரின் கோரிக்கை. அத்தைக்கு மறுக்க முடியாதவனால் அவருக்கும் மறுக்க முடியாது.

*

ஆனால் அந்தக் காப்பியைக் கொண்டுவந்ததே இன்னொருவர்தான். எழுதியதில் கணிசமானதைப் படியெடுத்துக் கொடுத்தவர் மனைவி ரோஸ். விடியற்காலையின் பெருமை பேசும் ஆண்கள் இந்த இடத்தைச் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். நம் வீடுகளில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த ஐந்து மணி அவர்களுடையது அல்ல. வாசல் தெளிப்பது, பால் காய்ச்சுவது, டிபன் டப்பா கட்டுவது என்று அது முன்பே பங்குபோடப்பட்டுவிட்டது.

அதனால் டிரொலொப்பைவிட அவருடைய அம்மாவை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். ஃபிரான்சிஸ் டிரொலொப்பின் முதல் புத்தகம், அமெரிக்கர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றியது, 1832-இல் வந்தபோது அவருக்கு ஐம்பது கடந்துவிட்டது. 1834-இல் கடன்காரர்களுக்கு அஞ்சிக் குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்துக்குப் போனது. அங்கே மகன் ஹென்றிக்குக் காசநோய், கணவரும் படுக்கையில். பகலும் இரவும் சீக்காளிகளைப் பார்த்துக்கொண்டே நாவல் எழுதினார். அந்த அறைகளில் மருந்துப் புட்டிகளும் மைப் புட்டியும் சமமாக இடம்பிடித்திருந்ததை மகன் ஆந்தணி பின்னாளில் நினைவுகூர்ந்தார். நான்கு மணிக்கு மேசைக்கு வந்து, உலகம் விழிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவது அவர் வழக்கம். ஹென்றி அந்த ஆண்டே இறந்தான், கணவர் மறு ஆண்டு. நாவல்கள் நிற்கவில்லை. வீட்டுக்குச் சோறு போட்டதும் அவைதான்.

அவரை எழுப்பக் காப்பிக்காரர் யாரும் இல்லை. எழுப்பியது கடன். இதை ‘தன் இலக்கு’ என்பதா, ‘குடும்பத்தின் தேவை’ என்பதா? அவர் விஷயத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. பிரிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதே வசதியுள்ளவர்களின் பழக்கமோ என்றும் தோன்றுகிறது.

*

1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முன்சீப். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியல் சொன்னார். முன்சீப் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை.

அதுவும் வெளியிலிருந்து வந்த கோரிக்கைதான். கேட்டவர் அதிகாரி, கேட்கப்பட்டவர் சம்பளக்காரர். ஆனால் அந்தக் கேள்வி அவரைத் தன் வழியிலிருந்து இழுக்கவில்லை, வழியில் கொண்டுபோய் விட்டது. எது எப்படிப்பட்ட கேள்வி என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடாது. கொஞ்சநாள் காதுக்குள் கிடக்கவேண்டும். சிலது மறுநாளே செத்துவிடும்.

இது சாகவில்லை. பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், அவர்கள் மரபாகப் படித்துவந்த சிந்தாமணிக்குப் பொருள் கேட்பது, ஏடு தேடுவது, பாடபேதம் ஒப்பிடுவது. 1887-இல் நூல் அச்சாயிற்று. அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்கவேண்டியிருக்கவில்லை. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு.

*

இடைவெளி விடாமல் இருப்பது இன்னொரு சாமர்த்தியம். டிரொலொப் 1858-இல் அஞ்சல் ஒப்பந்தம் பேச எகிப்து போயிருந்தபோது ஒரு நாவலை முடித்தார். மறுநாளே அடுத்ததைத் தொடங்கினார். முடித்த களைப்பில் ‘ஒரு வாரம் சும்மா இருப்போம்’ என்று உட்கார்ந்தால், அந்த வாரத்தை ஊர் நிரப்பிவிடும். சும்மா இருப்பவனை ஊருக்கு நன்றாகத் தெரியும்.

*

எங்கள் தெருவுக்குப் பால் போடுகிற அண்ணன் ஐந்தேகாலுக்கு வருகிறார். பையை மாட்டும்போது ‘எழுத உட்கார்ந்தாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முதலில் சிரித்தார். இப்போது நான் எதிர்பார்த்ததைவிடக் கறாராக இருக்கிறார். விளக்கு எரியாவிட்டால் மணியடிக்கிறார். தீபாவளிக்கு வழக்கமாகக் கொடுப்பதோடு இதற்குத் தனியாக என்ன கொடுப்பது என்று யோசிக்கவேண்டும். ஆண்டுக்கு ஐந்து பவுண்டு இன்றைய ரூபாயில் எவ்வளவு என்று அவரிடம் மட்டும் சொல்லப்போவதில்லை.